கம்பியில்லாமல் மணி அடித்த மேதை

விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் வரலாறு

1895-ம் ஆண்டு. கல்கத்தா நகர மண்டபத்தில் பெருங்கூட்டம். வங்காளத்தின் லெப்டினண்ட் கவர்னரும் வந்திருந்தார்.

மேடையில் 36 வயது வங்காளி ஒருவர் நின்றார். அவர் முன்னால் ஒரு சிறிய பெட்டி. தூரத்தில் ஒரு மணி. மணிக்கும் பெட்டிக்கும் இடையே கம்பி இல்லை, கயிறு இல்லை, எதுவுமே இல்லை.

அவர் பெட்டியில் இருந்த விசையை அமுக்கினார். தூரத்தில் இருந்த மணி கணகணவென்று அடித்தது! மறுபடியும் அமுக்கினார். வெடிமருந்து டப்பென்று வெடித்தது! கவர்னர் நடுவே நின்றார். அவர் உடம்பையும் கடந்து கொண்டு அந்தக் கண்காணாத சக்தி பாய்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூட்டம் வாயடைத்துப் போயிற்று. சிலர் மந்திரம் என்று எண்ணினார்கள். அது மந்திரம் அல்ல; மின்சார அலை. அந்த வங்காளிதான் ஜகதீச சந்திர போஸ்.

இன்று வீட்டில் டெலிபோன் மணி அடிக்கிறது. கம்பியில்லாத கைக்கருவியை எடுத்துக்கொண்டு சமையல் கட்டிலும் பேசுகிறார்கள், மாடியிலும் பேசுகிறார்கள். அந்த வசதிக்கு அடிப்படை போட்ட சிலரில் போசும் ஒருவர்.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சு

போஸ் பிறந்தது 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. பிறந்த ஊர் மைமன்சிங். அது இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது.

தந்தை பகவான் சந்திர போஸ், டெபுடி மாஜிஸ்திரேட். பெரிய உத்தியோகம். அந்தக் காலத்தில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவார்கள். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை முதலில் தாய்மொழி படிக்க வேண்டும், ஏழை எளியவர்களோடு பழக வேண்டும் என்று நினைத்தார். வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

வகுப்பில் போசுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன், தந்தையின் முஸ்லிம் சேவகருடைய மகன். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன், ஒரு மீனவரின் மகன். அவர்கள் பறவைகளைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் கதை கதையாகச் சொல்வார்கள். போஸ் கண் கொட்டாமல் கேட்பார். இயற்கையை ஆராயும் ஆசை அங்கேதான் முளைவிட்டது.

மூன்று பிள்ளைகளும் சேர்ந்து வீட்டுக்கு வருவார்கள். தாய் பாமாசுந்தரி ஆசாரம் மிகுந்தவர். ஆனாலும் மூவருக்கும் வித்தியாசம் பாராமல் ஒன்று போலவே சோறு போடுவார். சாதி என்று ஒன்று இருப்பதே அந்தச் சிறுவனுக்குத் தெரியாமல் போயிற்று.

சீமைப் படிப்பு

பிறகு போஸ் கல்கத்தா வந்தார். செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். அங்கே லஃபோன் என்ற பாதிரியார் பௌதிகம் கற்பித்தார். புத்தகத்தைப் படித்துக் காட்டுவதோடு அவர் நிற்கமாட்டார். கருவிகளை வைத்துச் செய்தும் காட்டுவார். போசின் மனம் பௌதிகத்தில் ஒட்டிக்கொண்டது.

1880-ல் போஸ் கப்பல் ஏறினார். லண்டனில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் காய்ச்சல் விட்டு விட்டு வந்து உடம்பை வாட்டியது. பிணம் அறுக்கும் அறையின் நாற்றம் அதை இன்னும் மோசமாக்கியது. வைத்தியப் படிப்பைக் கைவிட்டார்.

கேம்பிரிட்ஜ் சென்று விஞ்ஞானம் படித்தார். ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானி அவருக்கு ஆசிரியர். 1884-ல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு தாய்நாடு திரும்பினார்.

மூன்று ஆண்டு சம்பளம் வேண்டாம்!

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஒரு அநியாயம் நடந்து வந்தது.

ஒரே வேலை. ஒரே படிப்பு. ஆனால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போசின் வேலை தற்காலிகம் என்று சொல்லி, அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்குதான்!

போஸ் சண்டை போடவில்லை. வேலையை விட்டு ஓடவும் இல்லை. நாள் தவறாமல் கல்லூரிக்குப் போனார். நன்றாகப் பாடம் நடத்தினார். மாதக் கடைசியில் சம்பளத்தை மட்டும் தொட மறுத்துவிட்டார்.

வீட்டிலோ கஷ்டம். தந்தை ஊருக்கு நன்மை செய்யப் போய், தொழில்களில் பணம் போட்டுக் கடனாளி ஆகியிருந்தார். அந்த நிலையிலும் போஸ் அசையவில்லை. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள் இப்படியே போயின.

கடைசியில் கல்லூரி அதிகாரிகள்தான் இறங்கி வந்தார்கள். போசின் வேலை நிரந்தரம் ஆயிற்று. மூன்று ஆண்டுச் சம்பளமும் முழு விகிதப்படி மொத்தமாகக் கைக்கு வந்தது. அந்தப் பணத்தை அவர் தந்தையின் கடனுக்குக் கொடுத்தார்.

சென்னையில் படித்த மனைவி

1887-ல் போசுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் அபலா. இவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு.

அபலாவுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. அன்று கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லை. சென்னை வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1882-ல் சென்னைப் பட்டணம் வந்து படித்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்காமல் திரும்பினார்.

அதே 1882-ம் ஆண்டில்தான் சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று நகரங்களிலும் டெலிபோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. அன்று டெலிபோன் என்றாலே கம்பிதான். கம்பி எட்டாத இடத்துக்குப் பேச்சும் எட்டாது.

சம்பளம் வாங்காத கணவனோடு அபலா முகம் கோணாமல் குடும்பம் நடத்தினார். பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரும் தொண்டு செய்தார்.

குளியலறைக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி

1894 நவம்பர் 30. போசின் 36-வது பிறந்த நாள். இனி வாழ்நாளை ஆராய்ச்சிக்கே கொடுப்பது என்று அன்று அவர் உறுதி எடுத்தார்.

ஆராய்ச்சிக்கு இடம்? கல்லூரியில் குளியலறையை ஒட்டி ஒரு குட்டி அறை. அதன் பரப்பு 24 சதுர அடிதான். ஒரு கட்டில் போட்டால் நிரம்பிவிடும்! கருவிகள்? கடையில் கிடையாது. உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பிடித்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்து, தாமே பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கருவியாகச் செய்வித்தார்.

எதை ஆராய்ந்தார்? அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குளத்தில் கல்லைப் போட்டால் நீரில் அலை எழுந்து கரை வரை போகிறது. அது போல மின்சாரத்தாலும் வெளியில் அலை எழும் என்று மாக்ஸ்வெல் என்ற பிரிட்டிஷ் மேதை கணக்குப் போட்டுச் சொன்னார். ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அந்த அலைகளை உண்டாக்கியே காட்டினார். ஆனால் அவருடைய அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய பெரிய கருவிகள் வேண்டியிருந்தன.

போஸ் குட்டி அலைகளை உண்டாக்கினார். ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை இரண்டரை சென்டிமீட்டர். சிலவற்றில் 5 மில்லிமீட்டர்தான். ஓர் அரிசியின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை சின்ன அலைகளை அதுவரை யாரும் உண்டாக்கி இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்ததில்லை.

சணல் நாரையும் ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தையும் கூட அவர் ஆராய்ச்சிக் கருவியாக்கினார். புத்தகத்தை ஒரு வாட்டமாகப் பிடித்தால் அலை தாளுக்கு நடுவே புகுந்து போகும்; திருப்பிப் பிடித்தால் தடைப்படும். ஒளி நடந்துகொள்வது போலவே மின்சார அலையும் நடந்துகொள்கிறது என்று இப்படி நிரூபித்தார்.

1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேசினார். பேரறிஞர்கள் நிறைந்த சபை அது. குளியலறைக்குப் பக்கத்தில் பிறந்த கருவிகளைப் பார்த்து அந்தச் சபையே வியந்தது!

மார்க்கோனியும் போசும்

அதே சமயம் இத்தாலி நாட்டு வாலிபர் மார்க்கோனி, கம்பியில்லாத் தந்திக்குப் பாடுபட்டு வந்தார். 1896-ல் இங்கிலாந்து வந்து, தம் கருவிக்கு உரிமைப் பட்டயம் கேட்டு மனுப் போட்டார்.

1901 டிசம்பர் 12. இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கம்பியில்லாச் செய்தியை அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு அப்பால் பிடித்துவிட்டதாக மார்க்கோனி அறிவித்தார். உலகம் அதிசயித்தது. 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரான் என்ற ஜெர்மன் விஞ்ஞானியும் அந்தப் பரிசில் பங்கு பெற்றார்.

அன்று மார்க்கோனி செய்தியைப் பிடிக்கப் பயன்படுத்தியது, பாதரசம் வைத்த சிறு குழாயும் காதில் வைக்கும் ஒரு டெலிபோனும். இரும்பையும் பாதரசத்தையும் டெலிபோனையும் சேர்த்து அலையைப் பிடிக்கும் முறையைப் போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதி வெளியிட்டிருந்தார்! ஏறக்குறைய 100 ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சியாளர் சிலர் பழைய ஏடுகளைப் புரட்டி இந்த ஒற்றுமையை எடுத்துக் காட்டினார்கள்.

அதற்காக ரேடியோவைப் போஸ் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடக் கூடாது. அது பலர் சேர்ந்து இழுத்த தேர். கடல் கடந்து செய்தி அனுப்பப் போஸ் முயலவில்லை. அலைகளின் இயல்பை அறிவதே அவர் நோக்கம். மார்க்கோனியோ அலையைத் தொழிலாக்கினார்.

பணம் தேடி வந்தது

1901-ல் போஸ் மறுபடி லண்டனில் இருந்தார். தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் அவரைத் தேடி வந்தார். புதிய கருவிக்கு உரிமைப் பட்டயம் எடுக்கலாம், செலவைத் தாமே ஏற்பதாகவும் லாபத்தில் பங்கு தருவதாகவும் ஆசை காட்டினார்.

போஸ் ஒப்பவில்லை. கண்டறிந்த உண்மை உலகத்துக்குச் சொந்தம் என்பது அவர் கொள்கை. ஒருமுறை பண ஆசையில் காலை வைத்தால் மீள முடியாது என்று அஞ்சினார். கவி ரவீந்திரநாத் தாகூர் அவருடைய உயிர் நண்பர். அவருக்குக் கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி வருந்தினார்.

நண்பர்கள் விடவில்லை. அமெரிக்க மாது சாரா புல் முயற்சியால், அலையைப் பிடிக்கும் மற்றொரு கருவிக்கு 1904-ல் அமெரிக்கப் பட்டயம் கிடைத்தது. அதை வைத்தும் போஸ் காசு சேர்க்கவில்லை.

அந்தத் துறவு சரியா, தவறா? அவர் பணம் சேர்த்திருந்தால் நம் நாட்டில் ஒரு பெருந்தொழில் வளர்ந்திருக்கலாம் என்று கூறுவோர் உண்டு. அறிவைப் பூட்டி வைக்காததே பெருமை என்று கூறுவோரும் உண்டு.

செடியின் நாடி

பிறகு அவர் ஆராய்ச்சி செடி கொடிகளின் பக்கம் திரும்பியது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் இலை சுருங்குகிறது. மற்றச் செடிகளுக்கு உணர்ச்சியே இல்லையா? போஸ் கருவி செய்து பார்த்தார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. சூடு, குளிர், விஷம் எதற்கும் செடி பதில் சொல்கிறது என்று கண்டார்.

மேல்நாட்டு அறிஞர் பலர் எதிர்த்தார்கள். அவருடைய முடிவுகள் சிலவற்றை விஞ்ஞான உலகம் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் செடிக்குள்ளும் மின்சாரக் குறிப்புகள் ஓடுகின்றன என்பது இன்று ஒப்புக்கொண்ட உண்மை.

1917-ல் அரசாங்கம் சர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். தம் சேமிப்பை அதில் கொட்டினார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது.

1937 நவம்பர் 23-ந் தேதி, கிரிடி என்ற ஊரில் போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 வயது நிறைந்திருக்கும்.

2012-ல் உலக மின்பொறியாளர் சங்கம், பிரசிடென்சி கல்லூரியில் அவர் செய்த சோதனைகளைச் சரித்திர மைல்கல் என்று அறிவித்தது.

அலை வீட்டுக்கு வந்தது

போசின் 5 மில்லிமீட்டர் அலை, ஒரு வினாடியில் சுமார் 6,000 கோடி முறை துடிப்பது. இன்றைய கம்பியில்லா வீட்டு டெலிபோனில் பெரும்பாலானவற்றின் அலை, வினாடிக்குச் சுமார் 190 கோடி முறையோ 240 கோடி முறையோ துடிக்கிறது. அதே குடும்பம்தான், கொஞ்சம் நீளமான அலை.

இந்த டெலிபோனில் இரண்டு பாகம். ஒன்று அடிப்பெட்டி. டெலிபோன் கம்பியும் மின்சாரமும் இதில் சேரும். மற்றொன்று கைக்கருவி. இரண்டும் அலையால் பேசிக்கொள்கின்றன. திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர், வீட்டுக்குள் சுமார் 50 மீட்டர் எட்டும். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் சுவர் குறுக்கே நின்றால் அலை மெலியும். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை போல ஒன்று குறுக்கே நின்றால் அலை நின்றே போகும்!

ஆகவே அடிப்பெட்டியை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வைப்பது நல்லது. தண்ணீர் தெறிக்கும் இடமும் அடுப்படியும் ஆகாது. டெலிவிஷன், மைக்ரோவேவ் அடுப்பு, இன்டர்நெட் பெட்டி இவற்றிலிருந்து சில அடி தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சில் கரகரப்பு வரும்.

பெட்டியோடு வந்த அடாப்டரைத்தான் மாட்ட வேண்டும். வேறு அடாப்டர் பொருந்தினாலும் மின் அழுத்தம் மாறினால் கருவி கெடும், தீயும் பிடிக்கலாம்.

கைக்கருவிக்குச் சார்ஜ் ஏறும் பாட்டரிதான் போட வேண்டும். டார்ச் லைட் பாட்டரியைப் போட்டுச் சார்ஜ் ஏற்றினால் அது கசியும், வெடிக்கவும் கூடும். கூட்டல், கழித்தல் குறி பார்த்துப் போட வேண்டும். முதல் தடவை கையேட்டில் சொன்ன நேரம் முழுவதும் சார்ஜ் ஏற்றிய பிறகே பேச வேண்டும். பழைய பாட்டரியை நெருப்பில் போடக் கூடாது.

அடுத்தது பூட்டும் சாவியும். திண்டுக்கல் பூட்டுக்கு ஊரெல்லாம் பேர். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டு தன் சாவிக்குத்தான் திறக்கும். அது போல அடிப்பெட்டியும் தன்னோடு பதிவு செய்த கைக்கருவிக்குத்தான் பதில் சொல்லும். புதுக் கைக்கருவி வாங்கினால் அடிப்பெட்டிப் பொத்தானை அமுக்கிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு ரகசிய எண் உண்டு. கம்பெனி போட்டுத் தந்த எண்ணை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விடுவது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவது போல!

பழைய கம்பியில்லா டெலிபோன்களில் பேசுவதை அக்கம்பக்கத்தார் ரேடியோ வைத்துக் கேட்டுவிட முடிந்தது. புதியவை பேச்சை எண்களாக்கி மறைத்து அனுப்புகின்றன. ஆனாலும் பாங்கு ரகசிய எண்ணை எந்த டெலிபோனிலும், யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

இடி மழைக் காலத்தில்

ஐப்பசி, கார்த்திகையில் திண்டுக்கல் சமவெளியில் இடியும் மழையும் வரும். சித்திரைக் கோடை மழையிலும் இடி உண்டு. கைக்கருவிக்குத்தான் கம்பி இல்லை, அடிப்பெட்டிக்கு உண்டு. அந்தக் கம்பி வழியாக மின்னல் உள்ளே வரலாம். வானம் கறுக்கத் தொடங்கியதுமே மின்சாரப் பிளக், டெலிபோன் கம்பி இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் அடிப்பெட்டியைத் தொடவே கூடாது.

கரண்ட் போனால் அடிப்பெட்டி வேலை செய்யாது. கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீட்டில் அந்த இணைப்புப் பெட்டியும் நின்றுவிடும். அவசரத்துக்குச் சார்ஜ் உள்ள மொபைல் போன் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எதற்கும் எண் 112. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டும்.

சமையல் காஸ் கசியும் வாடை வந்தால் வீட்டுக்குள் எந்த டெலிபோனையும் தொடக் கூடாது. வெளியே தூரமாகப் போன பிறகே பேச வேண்டும். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது கருவியைக் காதில் வைக்கக் கூடாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டைப் பையில், நெஞ்சை ஒட்டிக் கருவியை வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

இவ்வளவு கவனம் இருந்தால் போதும். கம்பியில்லா டெலிபோன் நல்ல வேலைக்காரன்.

கண்ணுக்குத் தெரியாத அந்த அலையைப் பிடித்து மணி அடிக்க வைத்தவர் தமக்கென்று ஒரு காசு கேட்கவில்லை. உழைப்புக்குரிய சம்பளம் குறைந்தபோது மூன்று ஆண்டுகள் பொறுத்து நியாயம் பெற்றார். அறிவுக்கு விலை வந்தபோது வேண்டாம் என்றார். ஜகதீச சந்திர போசின் பெருமை அந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது.